உள்ளே எத்தனை டிகிரி

ஜூன் 9, திங்கள்

கனி சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "வாய்க்குள்ளயே பொலம்பிக்கிட்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்கீய. பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது. எங்கயாவது எழுதித் தொலைங்க" என்றாள். என் டிரைவிங் ஸ்கூல் மேசையில் டயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது.

நான் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்று கோழிக்குழம்பு வைத்தேன். கரண்டியால் அழுத்திப் பார்த்தேன், வெந்த மாதிரிதான் இருந்தது. பிய்த்துப் பார்த்தால் எலும்போரம் சிவப்பு. திரும்ப அடுப்பில் ஏற்றி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டு, கடைசியில் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கனி ஒரு துண்டைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டாள்.

கனிக்கு மார்ச் மாதம் மதுரையில் கிட்னி மாற்றினார்கள். கொடுத்தவன் அவள் தம்பி லிங்கதுரை. முதலில் என்னைத்தான் சோதித்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை.

புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே குறைக்கிற மாத்திரை தருகிறார்கள். நமக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போகிற கிருமி அவளைக் கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில் போட்டுவிடும். வெளிச்சாப்பாடு கூடாது, நேற்று வைத்தது கூடாது, பச்சைக் கறியை அவள் தொடக் கூடாது. கோழி உள்ளே எழுபத்தைந்து டிகிரி வேக வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் பொண்ணு சொன்னது. உள்ளே எழுபத்தைந்தா எழுபதா என்று எனக்கு எப்படித் தெரியும்? "ஒரு கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கிக்கோங்க சார்" என்று, ஏதோ கொத்தமல்லிக் கட்டு வாங்கச் சொல்வது போலச் சொல்லி அனுப்பிவிட்டது.

ஜூன் 11, புதன்

தூத்துக்குடியில் இருக்கிற பாத்திரக்கடை அத்தனையும் ஏறி இறங்கியாயிற்று. முதல் கடையில், "காய்ச்சலுக்கா? எதுத்தாப்புல மருந்துக்கடை" என்றான். அடுத்த கடையில் மிட்டாய்ப் பாகு பார்க்கிற நீளக் கண்ணாடிக்குழல் ஒன்றை நீட்டினார்கள். அது குழம்புக்குள் உடைந்தால் கனிக்குப் பாதரசக் குழம்பு ஊற்ற வேண்டியதுதான்.

கடைசியில் எலக்ட்ரிக் கடையில் மோட்டார் சூடு பார்க்கிற துப்பாக்கி கிடைத்தது. கொரோனா நேரத்தில் வாசலில் நிறுத்தி நெற்றியில் காட்டினார்களே, அதன் பெரியப்பன் மகன். தொடவே வேண்டாம், எட்ட நின்று குறிபார்த்தால் எண் வந்துவிடும். தோசைக்கல்லைச் சுட்டேன், சுவரைச் சுட்டேன், கார் எஞ்சினைச் சுட்டேன். கனியின் காப்பியையும் சுட்டேன்.

"என்னையும் சுட்டுருங்க, வேலை முடிஞ்சிரும்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

துப்பாக்கி ஏமாற்றிவிட்டது. குழம்பின் மேல் எண்பத்திரண்டு காட்டியது. துண்டைப் பிய்த்தேன், உள்ளே அதே சிவப்பு. அது மேல்தோலின் சூட்டை மட்டும்தான் சொல்லுமாம். மேலே கொதித்து உள்ளே பச்சையாக இருப்பவனைக் கண்டுபிடிக்க அதற்குத் துப்பில்லை. எலக்ட்ரிக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சாதித்தான். அவனிடம் கத்தியதில் சாயங்கால வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது.

ஜூன் 14, சனி

இரண்டு நாளாகப் போனில் தெர்மாமீட்டராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியவர்கள் எழுதுகிற அபிப்பிராயம் இருக்கிறதே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரித்தது போலத்தான். ஒருவர் தங்கம் என்கிறார், ஒருவர் தகரம் என்கிறார். ஒருத்தர் பெட்டியைப் பிரிக்காமலேயே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

கடைசியில் நானே முடிவு செய்தேன். ஊசி மெல்லிசாக இருக்க வேண்டும், தடித்த ஊசி துண்டை உடைத்துவிடும். மூன்று நான்கு நொடியில் எண் நிலைக்க வேண்டும், இல்லையென்றால் ஆவியில் கை வெந்துபோகும். தண்ணீர் பட்டால் சாகக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண் பெரிதாகத் தெரிய வேண்டும், எனக்கு வெள்ளெழுத்து. பேனாக்கத்தி மாதிரி மடங்குகிற ஒன்று கிடைத்தது. ஆர்டர் போட்டுவிட்டேன். போட்டதிலிருந்து எங்கே வருகிறது, எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓசூரில் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டது. வந்தவுடன் நம்பிவிட முடியுமா? தம்ளர் நிறைய ஐஸ்கட்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி, ஊசியை நடுவில் பிடித்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்று காட்டியது. பிறகுதான் தெரிந்தது, ஐஸ் போதவில்லை, தண்ணீர் அதிகம். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கி வந்து மறுபடி பார்த்தேன். பூஜ்யம். கொதிக்கிற தண்ணீரில் நூறு. பாஸ்.

கோழித் தொடையில் குத்தினால் எண்பத்தொன்று! அடுப்பை அணைத்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து அரை விரல் தள்ளிக் குத்தினேன், அறுபத்தாறு. முதலில் ஊசி எலும்பில் இடித்திருக்கிறது. எலும்பிலும் படக் கூடாது, சட்டியின் அடியிலும் படக் கூடாது, தடித்த இடத்தின் நடுவில் நிற்க வேண்டும். எழுபத்தைந்து வந்ததும் இறக்கினேன். துண்டு மெத்தென்று இருந்தது. கனி இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்று மாதத்தில் எனக்கு இன்றைக்குத்தான் கால் ஓரிடத்தில் நின்றது.

ஜூன் 19, வியாழன்

இட்லி தொண்ணூற்றாறு. சாம்பார் தொண்ணூற்றொன்று. சோறு எண்பத்தெட்டு. ரசம் எழுபத்திரண்டுதான் இருந்தது, மறுபடி கொதிக்கவிட்டேன்.

டிரைவிங் கற்றுக்கொள்கிற பேங்க் அம்மா ஒருத்தர், "சார், நான் பிரேக்கைத் தொடவே இல்லை, வண்டி நின்னு நின்னு போகுது" என்றார். சொல்லிக்கொடுக்கிறவனுக்கென்று என் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கில் என் கால் இருந்திருக்கிறது. எதிரே ஒன்றுமே இல்லை, ஒரு ஆடுகூட இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மீன் வந்துவிட்டது. நல்ல விளைமீன். எழுபத்தைந்துக்கு விட்டேன். குழம்புக்குள் மீனைத் தேட வேண்டியதாகிவிட்டது.

கனி தட்டைப் பார்த்தாள். "இது மீன் கொழம்பா, மீன் கஞ்சியா?"

"கிருமி இல்ல. அது போதும்."

"கிருமிக்கே பிடிக்காது" என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். மோருக்கும் ஊசி போட்டுத்தான் கொடுத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன்.

லிங்கதுரை வந்தான். தன் லோடு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஆரன் அடிப்பான், ஊர்வலம் வருகிற மாதிரி. கூட அவன் மனைவி ஜெயக்கொடி. கையில் தூக்குவாளி. உள்ளே வந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கான் நம்ம ஆளு? ஒழுங்கா வேலை பாக்கானா?" என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்டான். வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறான். அவளும் வரும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

ஜெயக்கொடி வாளியைத் திறந்தது. சீலா மீன் குழம்பு. வீடு முழுக்க மணம். கனியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நானும்தான் பார்த்தேன். ஆனால் என் கை அதற்குள் ஊசியை எடுத்துவிட்டது. எல்லோரும் பார்க்க, வாளிக்குள் விட்டேன். முப்பத்து நான்கு.

லிங்கதுரை சிரித்தான். "என்ன அத்தான், செத்த மீனுக்குக் காய்ச்சல் பாக்கீய?"

"எப்ப வச்சது?" என்று ஜெயக்கொடியிடம் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் அண்ணாச்சி. மண்சட்டியில வச்சு ராத்திரி பூரா ஊறவிட்டேன். மைனிக்குப் பழைய கொழம்புன்னா உசிராச்சே."

அது சொன்னது சரிதான். எங்கள் ஊரில் மீன்குழம்பை வைத்த அன்றே பரிமாறுவது அந்நியருக்கு. மறுநாள் குழம்பு வேண்டியவர்களுக்கு. ஆனால் கனி இன்றைக்குச் சாப்பிடக் கூடாத ஒன்று இந்த உலகத்தில் உண்டென்றால் அது ராத்திரி முழுக்க வெளியில் இருந்த குழம்பு. இதை நான் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஜெயக்கொடியின் கண் நிறைந்திருந்தது. லிங்கதுரை எழுந்து நின்றான்.

"என் கிட்னிய அக்கா வயித்துல வைக்கலாம். என் வீட்டுக் கொழம்ப வைக்கக் கூடாது. அப்படித்தான அத்தான்?"

வண்டி போகும்போது ஆரன் சத்தம் கேட்கவில்லை.

நான் செய்தது சரி. மறுபடியும் எழுதுகிறேன், சரிதான்.

ஜூன் 23, திங்கள்

கனி பேசவில்லை. வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

மதுரைக்குப் போய் வந்தோம். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. கிட்னி நன்றாக வேலை செய்கிறது. டாக்டர் எடைக்கருவியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு இளைச்சிருக்கீங்க?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான், "எல்லாமே நல்லா வேகவச்சு, டெம்பரேச்சர் பார்த்துத்தான் சார் கொடுக்கறேன்" என்றேன்.

"அது சரி. சாப்பிடுறாங்களா?"

இப்படியே எடை குறைந்தால் உடம்பு தாங்காது, மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். வருகிற வழியெல்லாம் கனி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரம் தாண்டியதும் ஒரே ஒரு தடவை பேசினாள். "ஜெயக்கொடி அழுதுக்கிட்டே போச்சு." அவ்வளவுதான்.

லிங்கதுரைக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும். போடுவேன். அவன் இல்லாவிட்டால் இவள் இல்லை, அது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் கை போனுக்குப் போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தொண்டை கரகரப்பு. பிறகு குளிர். காய்ச்சல் பார்த்தால் நூற்றொன்று. இத்தனை நாள் சட்டியையே பார்த்துப் பழகியதில், கொதிநிலையைத் தாண்டிவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். சிரிப்பும் வந்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. காலையில் அவளுக்குக் கஞ்சி கொடுத்தது நான். பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்.

முகமூடியைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு, அதாவது டிரைவிங் ஸ்கூல் ஆபீசுக்கு வந்து, வீட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். வகுப்புகள் ரத்து. இங்கே ஒரு பெஞ்சு, சாலை விதிப் படங்கள், நான். எட்டு எட்டாக நடந்துகொண்டிருக்கிறேன், லைசென்சுக்கு எட்டுப் போடுகிறவன் மாதிரி.

யார் சமைப்பார்கள்? போனில் லிங்கதுரை பேரை எடுத்து அழுத்துவேன், மணி அடிப்பதற்குள் வெட்டிவிடுவேன். மூன்றாவது தடவை வெட்டியபோது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கனி சொன்னாள், "நான் அப்பமே சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்காவ."

ஜூன் 30, திங்கள்

ஜெயக்கொடி அடுக்களையில் இருக்கிறது. வந்தவுடன் என்னிடம் பேசாது என்று நினைத்தேன். கதவைத் தட்டி, "அண்ணாச்சி, அந்த ஊசிய எங்க வச்சிருக்கீய?" என்றது.

நான் உள்ளிருந்தே கத்தினேன். "மேல் தட்டுல, நீல டப்பாவுல. சோப்புப் போட்டுக் கழுவணும். எலும்புல படக் கூடாது. சட்டி அடியில படக் கூடாது. நடுவுல நிக்கணும். நாலு நொடி பொறுக்கணும்."

"சரி அண்ணாச்சி."

"பச்சைக் கறியில குத்துன ஊசிய அப்படியே வெந்ததுல குத்தக் கூடாது. நடுவுல கழுவணும்."

"சரி அண்ணாச்சி."

"கனியப் பச்சைக் கறிப் பக்கம் விடாதே."

"மைனி, அண்ணாச்சி ஒங்களப் பச்சைக் கறிப் பக்கம் விடக் கூடாதாம்" என்று அது சத்தமாகச் சொன்னது. கனி சிரித்தாள். எட்டு நாளுக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கதவு வழியாகக் கேட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் எண் கத்தச் சொல்லியிருந்தேன். "அண்ணாச்சி, கோழி எழுபத்தாறு!" என்றது. பெஞ்சில் உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். எலும்பில் குத்திவிட்டு எழுபத்தாறு என்கிறதோ? பார்க்கவும் முடியாது, போகவும் முடியாது. இரண்டு பிரேக் இருக்கிற வண்டியையே ஓட்டிப் பழகியவனைப் பின்சீட்டில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

ஜூலை 2, புதன்

காய்ச்சல் இறங்குகிறது. கனிக்கு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்கிறேன், ஒன்றுமில்லை என்கிறாள்.

இன்று மத்தியானம் ஜெயக்கொடி கத்தியது. "அண்ணாச்சி, மீன் அறுபத்து நாலு, எறக்கிட்டேன்!"

"எறக்காதே! எழுபத்தஞ்சு!" என்று கதவைத் தட்டினேன்.

கனி கதவுப் பக்கம் வந்தாள். "அந்த மதுரைப் பொண்ணுக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். எழுபத்தஞ்சு கோழிக்குத்தானாம். மீனுக்கு அறுபத்து மூணு போதுமாம். நீங்க எல்லாத்துக்கும் ஒரே நம்பரப் போட்டு என்னைப் பட்டினி போட்டிருக்கீய."

அந்தப் பொண்ணு கோழிக்கு என்று சொன்னதும் நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை என்பது உண்மை. எண் கிடைத்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு அவர்கள் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றாள் கனி. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தலையையும் எனக்கு வை" என்றாள். நான் கதவில் நெற்றியை வைத்து நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், எரிச்சலும் இருந்தது. நான் சமைத்த எதையும் அவள் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

ஜெயக்கொடி பாத்திரம் கழுவப் போனதும் கனி கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"அழுதீயளா?"

"மூக்கடைப்பு."

"நீங்க ஏன் இப்படி ஆலாப் பறக்கீயன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "உங்க கிட்னி ஆகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நான் சாமிக்கு நன்றி சொன்னேன்."

"ஏன்?"

"ரெண்டு பேரையும் அறுத்துப் போட்டுட்டா யாரு யாரப் பாக்க? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் பொழச்சு என்ன செய்ய?"

அவள் நிறுத்தவில்லை. "தொரை வரும்போதெல்லாம் நம்ம ஆளு எப்படி இருக்கான்னு என்கிட்ட கேக்கான். அவன நீங்க ஒரு நாளாவது எப்படி இருக்கன்னு கேட்டிருக்கீயளா? நானும் கேக்கல. ஜெயக்கொடி சொல்லுது, அவன் வாடிக்கை லோடுக்கு வேற டிரைவர அனுப்பிட்டு வீட்டுலயே உக்காந்திருக்கானாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா ஒண்ணுமில்லன்னு சண்டை போடுதானாம்."

எனக்கு அவன் ஆரன் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அவனைப் பார்த்தாலே எனக்கு ஒரு எரிச்சல் வரும். வயிற்றைப் பார்த்து அவன் கேட்கிற கேள்வியில் எரிச்சல், அவள் சிரிக்கிற சிரிப்பில் எரிச்சல். என்னால் கொடுக்க முடியாததை அவன் கொடுத்துவிட்டான் என்கிற எரிச்சல்தான் அது. ஒரு மனிதனின் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள், மீதி இருக்கிறவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காய்ச்சல் இல்லை. இன்னும் இரண்டு நாள் தள்ளியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கனி இன்று குளிக்கும் முன் எடை பார்த்தாளாம். கூடியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஜெயக்கொடியை அழைத்துப்போக லிங்கதுரை வந்தான். ஆரன் அடிக்கவில்லை. வீட்டு வாசல் பக்கம் போகப் பார்த்தவனை ஆபீஸ் கதவைத் திறந்து நான் கூப்பிட்டேன். முகமூடியோடு தள்ளி நின்று, ஒரு நாற்காலியைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்க நான்கு நாளாக வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அவனைக் கிட்டத்தில் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது. கன்னம் ஒட்டியிருந்தான். உட்காரும்போது இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ எப்படி இருக்க மாப்பிள?" என்றேன்.

"எனக்கென்ன அத்தான், கல்லு மாதிரி இருக்கேன்."

"அது எல்லாருக்கும் சொல்றது. உள்ள எப்படி இருக்க?"

அவன் சுவரில் இருந்த சாலை விதிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "லோடு தூக்குனா பக்கத்துல இழுக்கு. சரியாயிரும்னுதான் சொல்லுதாவ" என்றான். அடுத்ததை மட்டும் குரல் அடுக்களைக்குக் கேட்காதபடி சொன்னான். "ஒண்ணுதான இருக்கு அத்தான். அதுக்கு எதுவும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. அக்கா சிரிக்கிறதப் பாத்தா ரெண்டு நாளைக்குப் பயம் போகும். அதான் அடிக்கடி வந்தேன். வேற யாருகிட்ட சொல்ல? கொடுத்துட்டுப் பயப்படுதான்னு சிரிப்பாவ."

நாளைக்கு நானே மதுரைக்குக் கூட்டிப்போகிறேன், டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்றேன். தலையாட்டினான். சண்டை போடவில்லை. குழம்பைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

"எனக்கும் பயமா இருக்கு மாப்பிள" என்றேன். "மார்ச் மாசத்துல இருந்து ஒரு நாள்கூட இல்லாம பயமா இருக்கு. அவ செத்துப்போயிருவாளோன்னு."

இந்த டைரியில்கூட நான் அதை எழுதவில்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, தள்ளி இரு என்று நான் சொல்லச் சொல்ல, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.